முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் – எதிர்பாராத அறிகுறிகளும் சிக்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் புற்றுநோய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிறுநீர்த் தொல்லைதான். நோய் முற்றிய நிலையில் அது முதுகுவலியாக வரும், கழுத்துக் கட்டியாக வரும், பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத ரத்தமாக வரும், திடீரென்று நடக்க முடியாத காலாகக்கூட வரும். அப்போது வீட்டார் வேறு டாக்டரைப் பார்த்து வேறு நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்; வாரங்கள் ஓடிவிடும். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதனால்தான் இந்தத் தாமதம் இவ்வளவு வருத்தம் தருகிறது. நோய் ஏற்கெனவே உறுதியானவர்களின் குடும்பத்தாருக்கும், அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ என்ன ஆகிறதென்று புரியாமல் இருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம்.

சிறுநீர் நன்றாகத்தான் போகிறது. அப்படியும் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்குமா?

இருக்கலாம். புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்த சுரப்பி. வயதானால் வரும் சாதாரண வீக்கம் பாதையை ஒட்டிய உள்பகுதியில் வருவதால் சீக்கிரமே அடைப்பைக் காட்டிவிடும். புற்றுநோய் பெரும்பாலும் மலக்குடல் பக்கமுள்ள வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அது வளர்ந்து வேறு இடங்களுக்குப் பரவிய பிறகும் சிறுநீர்ப் பாதை திறந்தே இருக்க முடியும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்து போகும் வயதானவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது.

இது ஏன் முதுகெலும்புக்கே அதிகம் போகிறது?

இடுப்புப் பகுதியின் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தச் சிரைகளில் வால்வு இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் ரத்தம் முதுகெலும்புப் பக்கம் திரும்பி ஓட முடியும் என்று அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கர் பேட்சன் 1940-இல் காட்டினார். அது மட்டுமே காரணம் அல்ல. எலும்பு மஜ்ஜையின் சூழலும் இந்த செல்களுக்கு ஒத்துப்போகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்பகுதி ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். அப்புறம் நிணநீர் முடிச்சுகள், நுரையீரல், கல்லீரல்.

பல புற்றுநோய்கள் எலும்பை அரித்துத் துளையாக்கும். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் புது எலும்பைத் தாறுமாறாக வளர்க்கிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாகத் தெரிவதால் பலமான எலும்பு என்று நினைத்துவிடக் கூடாது, அது எளிதில் முறியும்.

சாதாரண முதுகுவலியையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வலியை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய வலிக்குச் சில குணங்கள் உண்டு. ஓய்வெடுத்தால் தேய்மான வலி குறையும். இது படுத்தால் கூடும், நடுராத்திரியில் எழுப்பும். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். நடு முதுகில், அதாவது தோள்பட்டைகளுக்கு இடையிலோ சற்றுக் கீழேயோ, இருக்கும் வலியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். தேய்மானத்தால் வரும் வலி அதிகம் தாக்குவது கழுத்தையும் இடுப்பையும்தான். நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற வலி, இருமினால் சுரீரென்று இழுக்கும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, பசியே இல்லாமல் போவது எல்லாம் கணக்கில் வரும்.

பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரான் 1981 மே மாதம் தேர்தலில் வென்றார். அந்த ஆண்டு முதுகும் காலும் வலிக்கிறது என்று பரிசோதித்தபோது, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது நவம்பரில் தெரிந்தது. பொதுமக்களுக்கு 1992 வரை சொல்லப்படவில்லை. இரண்டு முழுப் பதவிக்காலங்களை முடித்துவிட்டு 1996 ஜனவரியில் காலமானார். எல்லோருக்கும் இப்படி 14 ஆண்டுகள் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. எலும்பு வலியோடு கண்டுபிடிக்கப்பட்ட நோய்க்கும் செய்ய நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

அறுபதைத் தாண்டிய ஆணுக்குப் புதிதாக வந்த முதுகுவலி ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், எலும்பு பாதிப்பைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பரிசோதனையும் எடுத்துப் பாருங்கள். விலை அதிகமில்லை. அதற்குமுன் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுப்பது, நாட்டு வைத்தியக் கட்டுப் போடுவது வேண்டாம். நோய் அரித்த முதுகெலும்பில் இவை முறிவை வரவழைக்கும்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் கேன்சர் இருக்கிறது. இரண்டு நாளாகக் கால் தள்ளாடுகிறது என்கிறார். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றே போங்கள், இரவாக இருந்தாலும் சரி. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரேயொரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

முதுகெலும்பில் வளர்ந்த கட்டியோ நொறுங்கிய எலும்போ உள்ளே போகும் தண்டுவடத்தை அழுத்தும்போது இப்படி ஆகும். பெரும்பாலும் முதுகுவலி சில வாரங்கள் முன்னதாகவே வந்திருக்கும். பிறகு மாடிப்படி ஏறக் கஷ்டம், செருப்பு காலில் நிற்காமல் நழுவுவது, கால் மதமதப்பு, பஞ்சில் நடப்பதாக ஓர் உணர்வு, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலச்சிக்கல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது. கடைசி மூன்றும் தாமதமாக வருபவை. அவை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுவதும் செயலிழந்த பிறகு வந்தவர்களில் மீண்டும் நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நடந்துகொண்டிருந்தவர் நடக்க முடியாமல் போகச் சில மணி நேரம்கூடப் போதும். ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஓரிடத்தில் அழுத்தம் இருந்தால் வேறு இடத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வலிக்கும் இடத்துக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதாது. பிறகு கதிர்வீச்சு, அல்லது அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும். ஒரே இடத்தில் அழுத்தமுள்ள, உடல் தாங்கக்கூடியவர்களுக்கு அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் நடக்கும் திறன் கூடுதலாகக் கிடைக்கிறது என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஹார்மோன் சிகிச்சையை இதுவரை எடுக்காதவர் என்றால் அதையும் உடனே தொடங்குவார்கள்.

கழுத்தில் இடப்பக்கம் நெறிகட்டி இருக்கிறது. டி.பி. என்று சொல்கிறார்கள்.

நம் நாட்டில் கழுத்துக் கட்டி என்றால் காசநோயை நினைப்பது நியாயம்தான், அது அவ்வளவு அதிகம். ஆனால் இடது காறை எலும்புக்கு மேலே, வயதானவருக்கு, வலியில்லாமல் கெட்டியாக இருக்கும் கட்டி என்றால் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிக்காமல் டி.பி. மாத்திரை தொடங்கக் கூடாது. வயிற்றிலும் இடுப்பிலும் இருந்து வரும் நிணநீர் கடைசியில் சேருமிடம் அதுதான். புராஸ்டேட் செல்களும் அந்த வழியே வந்து அங்கே தங்கும். சில ஆண்களுக்கு நோயின் முதல் அடையாளமே இந்தக் கட்டிதான். அந்தத் திசுப் பரிசோதனை (பயாப்ஸி) ரிப்போர்ட்டில் புற்றுநோய், எங்கிருந்து வந்தது தெரியவில்லை என்று எழுதியிருந்தால், பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லுங்கள், திசுவுக்கும் புராஸ்டேட் சாயப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத புற்றுநோய்க்கான மருந்தும் இதற்கான மருந்தும் முற்றிலும் வேறு.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்கவே இல்லை, உடம்பெல்லாம் நீலநீலமாகத் திட்டு. இதற்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இது அரிது. ஆனால் முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் நன்கு அறியப்பட்ட சிக்கல். கட்டியிலிருந்து வரும் பொருட்கள் ரத்தக் குழாய்களுக்குள் சின்னச்சின்ன உறைதல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ரத்தத் தட்டணுக்களும் உறைய வைக்கும் புரதங்களும் அதிலேயே செலவாகிவிடும். உறைந்ததைக் கரைக்கும் வேலையும் இந்த நோயில் மிதமிஞ்சி நடக்கிறது. கடைசியில் தேவையான இடத்தில் உறைய ரத்தத்தில் எதுவும் மிஞ்சாது. ஈறு கசிவது, மூக்கில் ரத்தம், ஊசி போட்ட இடத்தில் பெரிய கன்றிப்போன திட்டு, சிறுநீரில் ரத்தம் என்று தெரியவரும்.

தட்டணு எண்ணிக்கையும், ரத்தம் உறைவதைப் பார்க்கும் பி.டி., ஃபைப்ரினோஜன், டி-டைமர் ஆகிய சோதனைகளும் விஷயத்தைச் சொல்லிவிடும். தட்டணுவும் பிளாஸ்மாவும் ஏற்றுவது தற்காலிக உதவி. நோயை அடக்கினால்தான் கசிவு நிற்கும். ஹார்மோன் சிகிச்சை புதிதாகத் தொடங்கியவர்களுக்குச் சில நாட்களிலேயே ரத்தம் சீராவதைப் பார்க்கலாம். ரத்தம் நிற்க என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், இந்த நிலையில் அது வேறு இடத்தில் ரத்தக்கட்டியை உண்டாக்கலாம்.

ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது. இரும்புச்சத்து மாத்திரை போதுமா?

பெரும்பாலும் போதாது. எலும்பு மஜ்ஜையை நோய் நிரப்பிவிட்டால் ரத்தம் உற்பத்தியாகவே இடமிருக்காது. ஹார்மோன் சிகிச்சையும் கொஞ்சம் ரத்தசோகையைத் தரும், சிறுநீரகம் பழுதானாலும் வரும். எந்தக் காரணம் என்று டாக்டர் பார்க்கட்டும்.

தாடை மரத்துப்போவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது – இவையுமா?

ஆமாம். கீழுதடும் முகவாயும் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால், பல்லில் எந்தக் கோளாறும் இல்லை என்றால், தாடை எலும்பிலோ மண்டையோட்டின் அடியிலோ நோய் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றுவதால் நோயாளிகள் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் இரட்டைப் பார்வை வருவது, ஒரு கண் முன்னால் தள்ளுவது, பின்தலை வலியோடு நாக்கு ஒரு பக்கம் சாய்வது எல்லாம் இதே வகை. மண்டையோட்டின் அடிப்பகுதிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தால் பலருக்கும் குறைகிறது.

மூளைக்குள்ளேயே பரவுவது குறைவு. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் படர்வது அதைவிட அதிகம். ஸ்கேனில் அது பழைய ரத்தக்கட்டு போலவும் சாதாரண உறைக்கட்டி போலவும் ஏமாற்றும். வயதானவர் கீழே விழவும் இல்லை, தலையில் ரத்தக்கட்டு என்கிறார்கள் என்றால் இந்த நோய் இருப்பதை நரம்பியல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. கால்சியம் குறைவு என்கிறார்கள். கேன்சரில் கால்சியம் ஏறத்தானே செய்யும்?

பல புற்றுநோய்களில் ஏறும். இதில் இறங்கலாம். தாறுமாறாக வளரும் புது எலும்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு மேல் எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வருவதைத் தடுத்துவிடும். வைட்டமின் டி குறைவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்கு ஆபத்து அதிகம். இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்புகூட வரும். ஊசிக்கு முன்னால் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைவு கடுமையாக இருந்தால் நரம்பு வழியே கால்சியம் ஏற்ற வேண்டிவரும்.

குமட்டல், விக்கல், சாப்பாடு பிடிக்கவில்லை. வயிற்றுக்கு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை.

கிரியாட்டினின் பாருங்கள். கட்டியும் வீங்கிய நிணநீர் முடிச்சுகளும் சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் மெதுவாக நெரித்துவிட முடியும். மெதுவாக நடப்பதால் வலியே இருக்காது. சிறுநீரும் ஓரளவு போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் கழிவு உப்பு ஏற ஏறக் குமட்டல், விக்கல், அசதி, குழப்பம் வரும். அல்ட்ராசவுண்டில் சிறுநீரக வீக்கம் தெரிந்துவிடும். அடைத்த குழாயைத் திறந்து வைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்கலாம். முடியாவிட்டால் முதுகுப் பக்கம் சிறுநீரகத்திலேயே டியூப் போட்டு வெளியே எடுக்கலாம். சில நாளில் கிரியாட்டினின் இறங்குவதைப் பார்த்தால் வீட்டாருக்கே ஆச்சரியமாக இருக்கும். எல்லா மருந்தும் பலனளிக்காமல் போன கடைசிக் கட்டத்தில் டியூப் போடுவது அவருக்கு நிம்மதி தருமா, கஷ்டத்தை நீட்டுமா என்பதை அவரையும் வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியா என்று அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். இரண்டு காலும் வீங்கினால் இடுப்பு நிணநீர் அடைப்பு, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் யோசிப்பார்கள்.

மலச்சிக்கல், மலத்தில் ரத்தம். மலக்குடல் கேன்சர் என்கிறார்கள்.

புராஸ்டேட் கட்டி பின்னால் வளர்ந்து மலக்குடலை வளையமாகச் சுற்றினால் அப்படியே தோன்றும். நடுவில் ஒரு கெட்டியான தடுப்புப் படலம் இருப்பதால் இது குறைவாகத்தான் நடக்கும். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் பி.எஸ்.ஏ.வும் திசுவில் சாயப் பரிசோதனையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆணுறுப்பு வலியோடு விறைத்தபடியே இருக்கிறது என்கிறார். சொல்லவே கூச்சப்படுகிறார்.

நோய் அங்கே பரவினால் அப்படி ஆகலாம். அரிதுதான், ஆனால் டாக்டர்களுக்குத் தெரிந்த ஒன்று. கூச்சத்தால் மறைத்து வலியோடு இருக்க வேண்டியதில்லை. தனியாக டாக்டரிடம் பேச அவருக்கு ஐந்து நிமிடம் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

பி.எஸ்.ஏ. குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போகிறார். எப்படி?

இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று எளிது: சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் காட்டும். 3 என்று வந்தால் அதை 6 என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பரிசோதிக்கிற டாக்டருக்கு அந்த மாத்திரை விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று கடினமானது. நீண்ட நாள் ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நோய் தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும். நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுநோயைப் போல ஆகிவிடும். அந்த செல்கள் பி.எஸ்.ஏ.வைச் சுரப்பதில்லை. ரிப்போர்ட் அமைதியாக இருக்கும்போதே கல்லீரலில் கட்டிகள், வேகமாக வளரும் நிணநீர் முடிச்சுகள், எலும்பில் துளைகள் என்று வரும். சிலருக்கு அந்தக் கட்டியே ஹார்மோன்களைச் சுரந்து சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தை உண்டாக்கும். பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். தாத்தாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று வீட்டில் நினைப்பது சோடியம் குறைவாக இருக்கலாம். இந்த இடத்தில் புதிதாக பயாப்ஸி எடுக்கத் தயங்கக் கூடாது. குணம் மாறியது உறுதியானால் பிளாட்டினம் வகைக் கீமோதெரபிக்குப் போவார்கள். பி.எஸ்.ஏ. அளவை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு என்பது என் எண்ணம்.

ஹார்மோன் ஊசி போட்ட பிறகு வலி கூடிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

லூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டோரலின் வகை ஊசிகள் முதலில் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த இடைவெளியில் எலும்பு வலி கூடலாம், சிறுநீர் அடைக்கலாம், தண்டுவட அழுத்தம்கூட வரலாம். இதைத் தடுக்க, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு மாத்திரையை முன்னதாகவே தொடங்குவார்கள். நோய் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்றமே இல்லாத டெகரலிக்ஸ் ஊசி, அல்லது விரை நீக்கும் சிறிய அறுவை சிகிச்சை நல்லது. விரை நீக்கினால் ஒரே நாளில் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும், மாதாமாதம் ஊசிச் செலவும் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டிய வழி இது, 1966-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பப் பெற முடியாத முடிவு, அவர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை தொடங்கிச் சில வாரத்தில் எடுக்கும் எலும்பு ஸ்கேனும் ஏமாற்றலாம். ஆறும் எலும்பும் பளிச்சென்று தெரிவதால் நோய் கூடியது போலத் தோன்றும். அதை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்த மாட்டார்கள்.

மருந்துகளாலேயே வரும் சிக்கல்கள் எவை?

எலும்புக்கான ஊசிகளால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரும். பிடுங்க வேண்டிய பல்லை ஊசிக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான அபிராட்டரோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். அதோடு தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது. இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மருந்தான என்சாலூட்டமைடில் அசதியும் கீழே விழுவதும் அதிகம், வலிப்பு அபூர்வம். எந்த ஹார்மோன் சிகிச்சையிலும் எலும்பு மெலியும், தசை குறையும், சர்க்கரை ஏறும். தினமும் நடப்பதும் முடிந்த அளவு எடை தூக்கும் பயிற்சியும் மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டியவை என்றே சொல்வேன்.

எலும்பெல்லாம் பரவிவிட்டது. இனி என்ன செய்ய?

2015-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் நிலைமையை மாற்றிவிட்டன. ஹார்மோன் சிகிச்சையோடு தொடக்கத்திலேயே டோசிடாக்செல் (கீமோதெரபி மருந்து), அபிராட்டரோன் போன்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தால் ஆயுள் தெளிவாகக் கூடுகிறது. உடல் தாங்கும் நிலையில் இருந்தும் வெறும் ஊசி மட்டும் போடுகிறார்கள் என்றால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். வலிக்கும் எலும்புக்கு ஒரே ஒருமுறை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்குச் சில வாரத்தில் நிம்மதி தருகிறது. தொடையெலும்பு முறியும் நிலையில் இருந்தால் முன்னதாகவே கம்பி வைத்துவிடலாம். மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியோடு வைத்திருக்காதீர்கள். பரவிய நோய் உள்ளவருக்கு பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறுக்கான பரிசோதனையும் கேட்டுப் பாருங்கள். அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. மகன்களுக்கும் மகள்களுக்கும் அந்த முடிவு முக்கியம்.

அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இவருக்குப் புராஸ்டேட் கேன்சர் இருக்கிறது, எலும்புக்குப் பரவியிருக்கிறது." அப்புறம் கால் எப்போதிலிருந்து பலவீனம், கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார், எங்கே ரத்தம் வருகிறது என்பதைச் சொல்லுங்கள். கடைசி பி.எஸ்.ஏ., கிரியாட்டினின், ஸ்கேன் ரிப்போர்ட், ஹார்மோன் ஊசி போட்ட தேதி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், ஒரே பையில் இருக்கட்டும். முதுகுவலியோடு கால் பலவீனம் என்றால் காரில் உட்கார வைக்காமல் நேராகப் படுக்க வைத்தே கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.